இரண்டு தலைக்கும் ஒரே குப்பி: முடி கிளினிக்கில் நாங்கள் ஏமாந்த கதை

மே மாதம் எனக்கு டெங்கு வந்தது. நான்கு நாள் வார்ட்டில் கிடந்தேன். ஓகஸ்ட் பிறக்க முடி கொட்டத் தொடங்கியது. தலை முழுகினால் குளியலறைக் கானை அடைக்கும் அளவுக்கு வரும். தலையணையில் முடி, சோற்றுக் கோப்பையில் முடி. வாரிக் கட்டினால் கட்டு பாதியாகிவிட்டது.

முகநூலில் பார்த்த ஒரு முடி கிளினிக்குக்குப் போனேன். கொழும்பு காலி வீதியில்தான், வெள்ளவத்தைப் பக்கம். தம்பியும் கூட வந்தான். அவனுக்கு 26 வயது. நெற்றி இரண்டு பக்கமும் உள்ளே ஏறிவிட்டது. அப்பாவுக்கும் அந்த வயதில் அப்படித்தான் தொடங்கியதாம்.

வெள்ளைக் கோட் போட்ட ஒரு பெண், சின்னக் கேமரா ஒன்றைத் தலையில் வைத்து எல்லாவற்றையும் திரையில் பெரிதாகக் காட்டினார். பிறகு என் தலையில் இருந்து ஒரு முடியை இழுத்தார். அடியில் குண்டூசித் தலையை விடச் சின்னதாக ஒரு வெள்ளை முடிச்சு. "பாருங்கோ மிஸ், வேரோட வந்திட்டுது. இனி இந்த இடத்தில முளைக்காது. இப்ப தொடங்காட்டி ஆறு மாசத்தில உச்சி தெரியும்." அந்த வெள்ளைப் பொட்டைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. தம்பிக்கும் கிட்டத்தட்ட அதே வசனம்.

24 கிழமைப் பக்கேஜ், இரண்டு பேருக்கும் சேர்த்து 250,000 ரூபாய். அம்மா தன் காப்பை அடகு வைத்துத் தந்தார். ஆளுக்கொரு பழுப்புக் குப்பி கிடைத்தது. 'மூலிகைத் தைலம்' என்று மட்டும் ஒட்டியிருந்தது. என்னென்ன சேர்த்தது, யார் செய்தது, எப்போது காலாவதி, ஒன்றும் இல்லை. வீட்டில் இரண்டையும் திறந்து மணந்தோம். ஒரே நிறம், ஒரே மணம்.

மூன்றாம் கிழமை காதுக்குப் பின்னால் தோல் சிவந்து உரியத் தொடங்கியது. போன் எடுத்தால், "அது மருந்து வேலை செய்யிற அறிகுறி" என்றார்கள். காசைத் திருப்பிக் கேட்டோம். பற்றுச்சீட்டை எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். அதில் 'அழகுப் பராமரிப்பு' என்றும், கீழே பொடி எழுத்தில் 'கட்டிய பணம் மீளாது' என்றும் இருந்தது.

அப்புறம்தான் தேசிய வைத்தியசாலையின் தோல் கிளினிக்குக்குப் போனேன். காலையிலேயே போய் வரிசையில் நின்றேன். காசு ஒன்றும் இல்லை. டொக்டர் முதலில் கேட்டது, "மூன்று நாலு மாதத்துக்கு முன் காய்ச்சல், பிரசவம், ஒப்பரேஷன் ஏதாவது?" டெங்கு என்றேன். அவர் விளங்கப்படுத்தியதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இதை யாராவது ஓகஸ்டிலேயே சொல்லியிருந்தால் நான் அங்கே போயிருக்கவே மாட்டேன்.

சாதாரணமாகவே ஒருவருக்கு நாளுக்கு 50 முதல் 100 முடி வரை விழும். உடம்பு பெரிதாக அடிபட்டால், வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் நிறைய ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்து மொத்தமாக விழும். அந்த வெள்ளை முடிச்சு வேர் அல்ல. ஓய்வு முடிந்த முடியின் அடிமுனை. வேர்ப்பை தோலுக்குள்ளேயே இருக்கிறது, திரும்ப முளைக்கும். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் கொட்டுவது நின்றுவிடும். 24 கிழமை என்றால் என்ன என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தானாக நின்றிருக்கும் கொட்டலுக்கு அவர்கள் பெயர் எடுத்திருப்பார்கள். இரத்தத்தில் பெரிட்டின், அதாவது உடம்பில் சேமிப்பில் உள்ள இரும்பைக் காட்டும் அளவு, குறைவாக இருந்ததால் இரும்புச்சத்து மாத்திரை தந்தார், தைரொயிட்டும் பார்த்தார்.

தம்பியின் கதை வேறு. அவனுடையது பரம்பரை வழுக்கை. டிஎச்டி என்ற ஹோர்மோனால் முடி ஒவ்வொரு சுற்றிலும் மெலிந்துகொண்டே போகும். அது தானாக நிற்காது. பெண்களுக்கும் பரம்பரையாக வரும். ஆனால் நெற்றி ஏறாமல் வகிடு அகலும். மினொக்சிடில் என்ற மருந்தைத் தலையில் பூசினால் பலன் தெரிய நாலு மாதமாவது ஆகும், முதலில் கொஞ்சம் கூடக் கொட்டலாம், விட்டால் பலனும் போய்விடும். ஃபினாஸ்டரைட் மாத்திரை டொக்டர் எழுதித்தான் எடுக்க வேண்டும், கர்ப்பிணிகளுக்கு ஆகாது. எவ்வளவு முந்தித் தொடங்குகிறோமோ அவ்வளவு மிச்சம் பிடிக்கலாமாம். அந்தக் குப்பியை நம்பி அவன் இழந்த மாதங்கள்தான் எனக்குக் காசை விட வலிக்கிறது.

காசு கட்ட முன் அங்கே பார்ப்பவரின் மருத்துவ சபைப் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். நான் பிறகு கேட்டபோது, "நாங்கள் கொன்சல்டன்ட்" என்றுதான் பதில் வந்தது. குப்பியில் என்ன இருக்கிறது என்று எழுத்தில் தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். காய்ச்சலோ பிரசவமோ முடிந்து சில மாதத்தில் கொட்டினால் முதலில் ஒரு டொக்டரிடம் போய் இரத்தம் பாருங்கள். வட்டமாக ஒரு இடம் மட்டும் வழித்துவிட்டது போல் இருந்தால் அது புழுவெட்டாக இருக்கலாம், அதற்கு மருந்தே வேறு.

நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிட்டிருக்கிறேன். இரண்டு குப்பியும் பற்றுச்சீட்டும் பத்திரமாக வைத்திருக்கிறேன். நெற்றி ஓரத்தில் இப்போது அரை விரல் நீளத்துக்குப் புதுமுடி நிமிர்ந்து நிற்கிறது. அம்மாவின் காப்பு இன்னும் அடகில்தான்.