வாக்காளர் சிறப்பு முகாம், மதுரை: போகலாமா?

வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க, திருத்த நடக்கும் இந்த முகாமுக்குத் தாராளமாகப் போகலாம். வாக்குச்சாவடிப் பள்ளியிலேயே நடப்பதால் அலைச்சல் மிச்சம். ஆனால் படிவத்தில் கவனம் வேண்டும். புதுப் பெயருக்குப் படிவம் 6. செல்லூரிலிருந்து திருநகருக்கு வீடு மாறியவர் கேட்க வேண்டியது படிவம் 8. இவர்களும் 6-ஐ நிரப்பிவிட்டு, இரட்டைப் பதிவுச் சிக்கலில் மாட்டுகிறார்கள். 17 வயது முடிந்த பிள்ளைகளும் முன்கூட்டியே படிவம் 6 கொடுக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் 1 என, 18 வயது நிறைந்ததா என்று பார்க்கும் நாலு தகுதித் தேதிகள் உண்டு.

பெரிய தலைவலி நம்மூர் இனிஷியல்தான். ஆதாரில் வெறும் 'மு.', மார்க் ஷீட்டில் அப்பா பெயர் முழுசாக! ஒரே மாதிரி எழுதுங்கள். கதவு எண் பழசு, புதுசு இரண்டும் போடுங்கள். வீட்டில் ஒருவரின் வாக்காளர் அட்டை எண்ணையும் குறியுங்கள். பட்டியலின் சரியான பாகத்தில் சேர்க்க உதவும். ஒப்புகைச் சீட்டை வாங்காமல் நாற்காலியை விட்டு எழாதீர்கள். சந்தேகம் என்றால் வாக்காளர் உதவி எண் 1950-ஐ அழையுங்கள்.