ஃப்ரீ பாலிஷுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்: புது வாட்சை டீலரே கெடுக்க, அவரையே சரிசெய்ய வைத்த அனுபவம்

"கவலைப்படாதீங்க சார், ஃப்ரீயா பாலிஷ் போட்டுக் கொடுத்துடறோம்."

சர்வீஸுக்குக் கொடுத்த விலை உயர்ந்த வாட்ச் கீறலோடு திரும்பி வந்தால், கடையில் முதலில் சொல்வது இதைத்தான். தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த பாலிஷில் கீறலோடு சேர்ந்து, கடைக்குள் என்ன நடந்தது என்பதற்கான சாட்சியமும் தேய்ந்து போய்விடும். நாங்கள் மறுத்ததால்தான் எங்கள் வாட்சுக்குக் கடைசியில் ஒரு வழி பிறந்தது. நடந்ததை முழுதாக எழுதுகிறேன். லட்சக்கணக்கில் பணம் போட்டு வாட்ச் வாங்குபவர்கள் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 80 வயது நிறைந்தபோது நானும் தம்பியும் சேர்ந்து அவருக்கு ஒரு சுவிஸ் ஆட்டோமேட்டிக் வாட்ச் வாங்கிக் கொடுத்தோம். விலை மூன்றரை லட்சத்துக்கு மேல். வாங்கியது சென்னையில் பெயர்பெற்ற ஒரு ஷோரூமில், அந்த பிராண்டின் அதிகாரபூர்வ டீலரிடம். அப்பா ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம் என்று எழுதி எழுதிப் பழகிய கை. வாங்கிச் சில மாதத்திலேயே, "தினமும் பத்து செகண்டுக்கு மேல பின்னால போகுதுப்பா" என்றார். சும்மா சொல்லவில்லை. காலை ரேடியோ செய்தி ஆரம்பிக்கும் நேரத்தோடு ஒப்பிட்டு, எத்தனை வினாடி வித்தியாசம் என்று டைரியில் தேதி போட்டுக் குறித்து வைத்திருந்தார்.

இதைச் சின்ன விஷயம் என்று சொல்ல முடியாது. அது க்ரோனோமீட்டர் சான்று, அதாவது துல்லியமாக ஓடும் என்ற சான்று, பெற்ற வாட்ச். சுவிட்சர்லாந்தில் அந்தச் சான்றை வழங்கும் அமைப்பு காஸ்க். அதன் அளவுகோல்படி ஒரு நாளைக்குச் சராசரியாக 4 வினாடி வரை பிந்தலாம், 6 வினாடி வரை முந்தலாம். அதைத் தாண்டினால் வாரண்டியில் சரிசெய்து தர வேண்டியதுதான்.

ஷோரூமுக்குக் கொண்டுபோனோம். கவுண்டரில் இருந்தவர் மரியாதையாகப் பேசினார். "கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு அனுப்பி ரெகுலேட் பண்ணிக் கொடுத்துடுவோம் சார்" என்று சொல்லி, சர்வீஸ் விவரம் எழுதும் ஜாப் கார்டு போட்டார். வாட்சின் நிலை என்ற இடத்தில் 'நன்று' என்று எழுதியிருந்தது. வாட்ச் கையை விட்டுப் போவதற்கு முன், அந்தக் கவுண்டரிலேயே வைத்து முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு, செயின், கொக்கி என்று எல்லாவற்றையும் தம்பி போட்டோ எடுத்தான். "எதுக்கு சார் இதெல்லாம்?" என்று கேட்டார்கள். "இருக்கட்டும்" என்றான். அந்தப் படங்கள்தான் பிற்பாடு எங்களைக் காப்பாற்றின.

வாட்ச் திரும்பி வந்தது. நேரம் சரியாகத்தான் ஓடியது. வீட்டுக்கு வந்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்த அப்பாதான் முதலில் கண்டுபிடித்தார். பின்மூடியைத் திருகித் திறப்பதற்காக அதன் ஓரத்தில் சின்னச் சின்னப் பள்ளங்கள் இருக்கும், கவனித்திருப்பீர்கள். அதில் ஒன்றின் விளிம்பு மழுங்கி, அங்கிருந்து வெளிப்புறமாக ஒரு கோடு இழுத்திருந்தது. பிடிமானம் சரியாக இல்லாத டூல் வழுக்கி ஓடினால் விழும் கோடு அது. செயின் கேஸோடு (வாட்சின் உலோக உடல்) சேரும் கொம்புப் பகுதியில் உட்புறமாகக் குத்திய தடங்கள். அதைவிட மோசமானது, ஒரு கொம்பின் மேல்பக்கம் மட்டும் பளபளவென்று மின்னியது. மற்ற மூன்றிலும் ஒரே திசையில் ஓடும் மெல்லிய பிரஷ் கோடுகள் இருந்தன. இந்த ஒன்றில் மட்டும் இல்லை. கீறியதை மறைக்க யாரோ ஏற்கெனவே தேய்த்துப் பார்த்திருக்கிறார்கள் என்பது தம்பியின் படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழந்தைக்குக்கூடப் புரியும்.

மேனேஜரிடம் போனோம். "நார்மல் வியர் அண்ட் டியர் சார். கையில கட்டினா கீறல் விழத்தானே செய்யும்?" என்றார்.

இந்த வாதத்துக்குப் பதில் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், கட்டாயம் தேவைப்படும். கையில் கட்டுவதால் கீறல் விழும் இடங்கள் உண்டு. மேஜையில் உரசும் கொக்கி, கதவு நிலையில் இடிக்கும் பெசல் (கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையம்), செயினின் பக்கங்கள். பின்மூடியின் பள்ளங்கள் மணிக்கட்டுத் தோலோடு ஒட்டியிருப்பவை. கட்டியிருப்பவர் என்ன செய்தாலும் அந்தப் பள்ளத்திலிருந்து வெளியே ஒரு கோடு இழுக்க முடியாது. கொம்பின் உட்புறமும் அப்படித்தான், செயினைக் கழற்றினால் ஒழிய அங்கே எதுவும் படாது. இதை மேனேஜரிடம் சொன்னதும் பேச்சு மாறியது. அப்போது வந்ததுதான் ஃப்ரீ பாலிஷ்.

பாலிஷ் என்றால் என்ன? ஸ்டீலை ஒரு அடுக்கு தேய்த்து எடுப்பது. கூர்மையான விளிம்புகள் உருண்டு போகும். பிரஷ் செய்த பரப்பும் மின்னும் பரப்பும் சந்திக்கும் கோடு மங்கிவிடும். தேய்த்த உலோகம் திரும்ப வராது. நாளைக்கு விற்க நினைத்தாலும், பாலிஷ் படாத கேஸுக்குத்தான் விலை. அதுவும் இன்னும் புதுசாகவே இருக்க வேண்டிய ஒரு வாட்சை எதற்குத் தேய்க்க வேண்டும்? வேண்டாம் என்று சொல்லி, வாட்சை எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். அன்று இரவே நடந்த பேச்சை அப்படியே மெயிலாக எழுதி, படங்களை இணைத்து, ஷோரூமுக்கு அனுப்பினேன்.

அப்புறம்தான் பெரிய அதிர்ச்சி. ஒரு மதியம் வெயிலில் வெளியே போய்விட்டு வந்த அப்பா குழாயடியில் கை கழுவினார். கண்ணாடியின் உட்புறம், நாலு மணிப் பக்கம், பனி படர்ந்த மாதிரி வெள்ளையாக மூடிக்கொண்டது. துடைத்தால் போகவில்லை, ஏனென்றால் அது உள்ளே இருக்கிறது. 100 மீட்டர் வாட்டர் ரெசிஸ்டன்ஸ் என்று டயலிலேயே அச்சடித்த வாட்ச்! நீர்புகாத் தன்மையைச் சோதிக்கும் முறைகளில் ஒன்றே இதுதான். வாட்சை 40 டிகிரிக்குக் கொஞ்சம் மேல் சூடாக்கி, கண்ணாடி மேல் குளிர்ந்த நீர் ஒரு துளி விட்டு, சற்று நேரம் கழித்துத் துடைத்துப் பார்ப்பார்கள். உள்ளே பனி படிந்தால் ஈரம் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். சென்னை வெயிலும் குழாய்த் தண்ணீரும் சேர்ந்து அந்தச் சோதனையை எங்கள் வீட்டிலேயே நடத்திவிட்டன.

பின்மூடியைத் திறந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தைச் சரியாக உட்கார வைக்க வேண்டும், தேவையானால் புதிதாக மாற்ற வேண்டும், மூடிய பிறகு, தண்ணீர் புகாது என்று உறுதிசெய்ய அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். "டெஸ்ட் பண்ணித்தான் சார் கொடுத்தோம்" என்றார் மேனேஜர். சரி, அந்த டெஸ்ட் ரிசல்ட்டைக் கொடுங்கள் என்றேன். கொடுக்கவில்லை. இருந்தால்தானே கொடுப்பதற்கு.

இந்த இடத்தில் தம்பி ஒரு வேலை செய்தான். பிராண்டின் அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டருக்கு வாட்சின் சீரியல் எண்ணைக் கொடுத்து, இந்த வாட்ச் உங்களிடம் எப்போது வந்தது, என்ன வேலை செய்தீர்கள் என்று எழுத்தில் கேட்டான். பதில் ஒரே வரி: இந்த எண்ணுள்ள வாட்ச் எங்களிடம் சர்வீஸுக்கு வந்ததாகப் பதிவு இல்லை. கம்பெனிக்கு அனுப்பியதாகச் சொன்ன வாட்ச் ஷோரூமை விட்டே போகவில்லை. பின்னறையில் யாரோ திறந்து, நேரத்தை மட்டும் சரிசெய்து, மூடிக் கொடுத்திருக்கிறார்கள்.

பலருக்கும் தெரியாத விஷயம் இங்கேதான் இருக்கிறது. அதிகாரபூர்வ டீலர் என்றால் விற்க அனுமதி பெற்றவர். வாட்சைத் திறக்கவும் அனுமதி பெற்றவர் என்று அர்த்தமில்லை. சில டீலர்களிடம் பயிற்சி பெற்ற வாட்ச்மேக்கரும் கருவிகளும் இருக்கும், பலரிடம் இருக்காது. செயினில் லிங்க் எடுப்பது, ஸ்ட்ராப் மாற்றுவது வரைதான் அவர்கள் வேலை. அனுமதி இல்லாத கை பின்மூடியைத் திறந்தால் வாரண்டியே போய்விடலாம். எங்களுக்கும் அதுதான் நடக்க இருந்தது. வாட்சைச் சோதித்த சர்வீஸ் சென்டர், வெளியாள் திறந்ததால் ஏற்பட்ட சேதம் வாரண்டியில் வராது என்று சொல்லிவிட்டது. பின்மூடியில் தவறான டூலின் தடம், ரப்பர் வளையம் நசுங்கியிருக்கிறது, அழுத்தச் சோதனையில் தேறவில்லை, கேஸையும் பின்மூடியையும் மாற்ற வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. மதிப்பீடு ஒரு லட்சத்தை நெருங்கியது. வீட்டில் எல்லோருக்கும் வயிறு எரிந்தது. ஆனால் கையில் அந்த அறிக்கை வந்ததும் விஷயம் எங்கள் பக்கம் திரும்பிவிட்டது என்றும் புரிந்தது.

"எங்க காலத்துல ரிப்பேர்காரர் கண்ணுல லென்ஸை மாட்டிக்கிட்டு நம்ம முன்னாலதான் மூடியைத் திறப்பார். இவங்க ஏசி ரூம்ல சோபாவுல உட்கார வெச்சு காபி கொடுத்துட்டு உள்ள கொண்டுபோயிட்டாங்க" என்றார் அப்பா. அவர் கோபப்பட்டு நான் பார்த்தது குறைவு.

டீலருக்குக் கடிதம் எழுதினோம், ஸ்பீட் போஸ்டிலும் மெயிலிலும். பிராண்டின் இந்திய அலுவலகத்துக்கும் ஒரு பிரதி. வக்கீல் வைக்கவில்லை. கடிதத்தில் திட்டவும் இல்லை. கொடுத்த தேதி, ஜாப் கார்டில் 'நன்று' என்ற பதிவு, முன்பும் பின்பும் எடுத்த படங்கள், சர்வீஸ் சென்டரின் பதில், அறிக்கை, இவ்வளவுதான். கூடவே இரண்டு சட்டங்கள். 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 148, 151-ம் பிரிவுகள்: ஒரு வேலைக்காக ஒப்படைத்த பொருளை, தன் சொந்தப் பொருளை ஒரு சாதாரண அறிவுள்ள மனிதர் எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டியது அதை வாங்கி வைத்தவரின் கடமை. வாட்சை சர்வீஸுக்கு வாங்கிய கடைக்கு இது அப்படியே பொருந்தும். அடுத்தது, 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சேவைக் குறைபாடு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதிவு செய்து, அந்தப் புகார் எண்ணையும் கடிதத்தில் எழுதினோம்.

நுகர்வோர் ஆணையம் என்றதும் பயந்து பின்வாங்க வேண்டாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையமே போதும். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம், இ-ஜாக்ரிதி என்ற அரசு இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே அனுப்பலாம், நீங்களே வாதாடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், அது மட்டும் முக்கியம். "பார்க்கிறோம் சார், மேலிடத்துல பேசிட்டிருக்கோம்" என்று இழுத்தடித்தால் அந்தக் கெடு ஓடிக்கொண்டே இருக்கும்.

கடிதத்துக்கு முதலில் வந்த பதில் என்னைத் தூங்கவிடவில்லை. தங்களிடம் உள்ள ஜாப் கார்டு பிரதி என்று ஒன்றை அனுப்பினார்கள். அதில் 'நன்று' என்பதற்குப் பக்கத்தில் 'லேசான கீறல்கள் உள்ளன' என்று வேறு மையில் சேர்த்திருந்தது. எங்களிடம் இருந்த வாடிக்கையாளர் பிரதியை ஸ்கேன் செய்து பிராண்ட் அலுவலகத்துக்கு அனுப்பினோம், இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து. அதன் பிறகு மேனேஜர் பேசவில்லை, உரிமையாளர் தரப்பிலிருந்தே போன் வந்தது.

கேஸ், பின்மூடி, உள்ளே ஈரம் பட்ட இடங்களைச் சுத்தம் செய்வது என்று எல்லாச் செலவையும் டீலரே ஏற்றார். வேலை முழுவதும் பிராண்டின் சர்வீஸ் சென்டரில், அவர்கள் கையால். மிச்சமிருந்த வாரண்டி தொடரும் என்பதை பிராண்டிடமிருந்தே எழுத்தில் வாங்கினோம். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள், வாய்ச்சொல்லாகச் சொன்ன வாரண்டியை அடுத்த சர்வீஸ் சென்டரில் யாரும் ஏற்க மாட்டார்கள்.

வாட்ச் வருவதற்கு முன்பே ஒரு செட்டில்மெண்ட் பேப்பரை நீட்டினார்கள். 'நல்லெண்ண அடிப்படையில்' செய்து தருகிறோம், இனி எந்த உரிமையும் கோர மாட்டேன், சேதம் முன்பே இருந்ததை வாடிக்கையாளர் ஏற்கிறார் என்றெல்லாம் அதில் இருந்தது. அந்தக் கடைசி வரியை அடிக்காமல் கையெழுத்துப் போட மாட்டேன், வாட்சைப் பார்த்த பிறகுதான் போடுவேன் என்றேன். அடித்தார்கள். அழுத்தச் சோதனையின் முடிவையும், வாட்ச் வெவ்வேறு நிலைகளில் எப்படி ஓடுகிறது என்று காட்டும் டைம்கிராஃபர் அளவீட்டையும் அச்சிட்டு வாங்கி, சீரியல் எண்ணைச் சரிபார்த்து, லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன். யார் திறந்தது என்பதை மட்டும் கடைசிவரை எழுத்தில் தர மறுத்துவிட்டார்கள்.

இப்போது யாருடைய வாட்சாவது டீலரிடம் சர்வீஸில் இருந்தால், இன்றைக்கே ஒரு மெயில் போடுங்கள். எங்கே அனுப்பியிருக்கிறீர்கள், சர்வீஸ் சென்டரின் பதிவு எண் என்ன, திறக்கப் போவது யார் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் சீரியல் எண்ணோடு பிராண்டிடம் நேரடியாக விசாரியுங்கள். திரும்ப வாங்கும்போது கடையிலேயே, வெளிச்சத்தில், செயினை விலக்கிப் பின்பக்கம் பாருங்கள். குறை இருந்தால் டெலிவரி ரசீதில் அதை எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.