‘ரன்’ என்ற ஒரு சொல்லை வைத்து மூன்று இணைய அகராதிகள்

ஓர் ஆங்கில அகராதியின் தரத்தை அறிய, அரிய சொற்களைத் தேடிப் பயனில்லை. அவற்றுக்கு ஒரே பொருள்தான் இருக்கும், எல்லா அகராதிகளும் ஒழுங்காகவே எழுதியிருக்கும். ‘ரன்’ மாதிரி அன்றாட வினைச்சொல்லில்தான் சாயம் வெளுக்கும்.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் இணையப் பதிப்பு இந்த வினைக்கு 645 பொருள்கள் தருகிறது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர் ஒன்பது மாதம் உழைத்துத் திருத்திய பதிவு, 2011-இல் வெளிவந்தது. 1989-இல் வந்த 20 தொகுதி அச்சுப் பதிப்பில் முதலிடம் ‘செட்’டுக்கு இருந்தது; அதற்கு 430 பொருள்கள். இந்த எண்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். செயப்படுபொருள் உண்டா இல்லையா என்பதை வைத்தே ஒரு கருத்து இரண்டு மூன்றாகப் பிரிந்துவிடும். மேலும் 645 என்பது வினைக்கு மட்டும். பெயர்ச்சொல்லுக்குத் தனிப் பதிவு உண்டு. தேடல் முடிவில் அவசரப்பட்டு முதல் வரியைத் தொட்டால் தவறான பக்கத்தில் போய் நிற்பீர்கள்.

பொருள் பட்டியலைவிட முதலில் திறக்க வேண்டியது சொற்பிறப்புப் பகுதி. பேரகராதியின் உண்மையான மதிப்பு அங்கேதான். இன்றைய ‘ரன்’ ஒரு சொல் அல்ல, இரண்டு சொற்களின் கலவை. பழைய ஆங்கிலத்தில் ‘ரின்னன்’ என்றால் ஓடு. ‘ஆர்னன்’ என்றால் ஓட்டு. நம் தன்வினை, பிறவினை வேறுபாடேதான். ‘ரின்னன்’ பெரும்பாலும் ‘இர்னன்’ என்றே வழங்கியது. எழுத்து முன்பின் மாறும் இந்தப் புரட்டலைத் தமிழில் ‘தசை–சதை’யில் பார்க்கிறோம். பிறகு ஸ்காண்டிநேவியர்களின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து ‘ரின்னா’, ‘ரென்னா’ என்ற இணைச் சொற்களும் வந்து கலந்தன. காலப்போக்கில் எல்லாம் ஒரே வடிவத்தில் அடங்கின. ஜெர்மன் மொழியோ இரண்டு வடிவத்தையும் காப்பாற்றியது: ‘ரின்னென்’ என்றால் நீர் வழிவது, ‘ரென்னென்’ என்றால் ஓடுவது. பின்னதுதான் முதலில் ‘ஓடச் செய்’ என்ற பிறவினையாக இருந்தது என்பது வேடிக்கை.

இதைப் பிடித்துக்கொண்டால் 645-இல் பாதி மிரட்டல் போய்விடும். தண்ணீர் ஓடுகிறது, எந்திரம் ஓடுகிறது, படம் ஓடுகிறது என்பவை எல்லாம் ‘ஓடு’ பக்கம். வண்டியை, நிறுவனத்தை, சோதனையை ‘ரன்’ செய்வது ‘ஓட்டு’ பக்கம். மொழிபெயர்ப்பவர்கள் சறுக்குவது இந்த எல்லையில்தான். தேர்தலுக்கு வரும் ‘ரன்’ அமெரிக்க வழக்கு. பிரிட்டனில் வேட்பாளர் ‘நிற்கிறார்’, நம் ஊரிலும் அப்படியே.

பேரகராதியில் பொருள்கள் பழமை வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும், புழக்க வரிசையில் அல்ல. இன்றைய பொருளைத் தேடுபவர் மேலிருந்து படித்தால் சோர்ந்துபோவார். பெரும்பிரிவுகளுக்கு ரோமன் எண், அதன் கீழ் சாதாரண எண், அதற்கும் கீழ் சிற்றெழுத்து. கத்திக்குறி (†) இருந்தால் வழக்கொழிந்தது. 1150-க்கு முந்தைய மேற்கோள்களுக்குப் பெரும்பாலும் ஆண்டு இருக்காது. தொடக்க, நடு, பிற்காலப் பழைய ஆங்கிலம் என்ற மூன்று அடையாளமே இருக்கும். முதல் அடையாளம் 950 வரை, இரண்டாவது 1100 வரை, மூன்றாவது 1150 வரை. எதிலும், காட்டப்படும் மிகப் பழைய காலம் என்பது கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துச் சான்றின் காலம். சொல் பிறந்த நாள் அல்ல. இந்தத் தவறை நாளிதழ்க் கட்டுரைகள்கூடச் செய்கின்றன.

குறை என்றால் இரண்டு. முழுப் பதிவுக்குச் சந்தா வேண்டும்; இலவசமாகக் கிடைப்பது சுருக்கக் குறிப்புதான். பிரிட்டனில் பெரும்பாலான பொது நூலகங்களின் உறுப்பினர் அட்டை எண்ணே போதும். மற்ற இடங்களில் பல்கலைக்கழக நூலகத்தைக் கேட்டுப் பார்க்கலாம். இரண்டாவது, 2000-இல் இணையத்தில் தொடங்கிய மூன்றாம் பதிப்பின் திருத்தம் இன்னும் முடியவில்லை. பதிவு எப்போது திருத்தப்பட்டது என்ற குறிப்பைப் பார்க்காமல் நம்பக் கூடாது. நூறாண்டுக்கு முந்தைய விளக்கம் புதுச் சட்டை போட்டு நிற்கலாம்.

டக்ளஸ் ஹார்ப்பர் நடத்தும் எட்டிமான்லைன் என்ற சொற்பிறப்பு அகராதி இலவசம். இரண்டு வினைகள் கலந்த கதையைச் சில வரிகளில் சொல்லிவிடுகிறது. ‘ஓடு, பாய்’ என்ற இந்தோ-ஐரோப்பிய வேர் வரை போய், ரைன் நதியின் பெயரையும் அதே வேரில் சேர்க்கிறது. அவசரத்துக்கு இதுவே போதும். ஆனால் மேற்கோள் வரிசை கிடையாது. காலத்தையும் பெரும்பாலும் பத்தாண்டுக் கணக்கில்தான் சொல்லும். வேர் வடிவங்கள் ஒப்பீட்டால் ஊகித்தவை என்பதற்கான நட்சத்திரக் குறியைப் பலர் கவனிப்பதில்லை.

விக்சனரி, பிறமொழி இணைச் சொற்களை ஒரு பார்வை பார்க்க உதவும். யாரும் திருத்தலாம் என்பதால் பதிவுக்குப் பதிவு தரம் மாறும்.

பேரகராதியை மேற்கோள் காட்டும்போது பொருள் எண்ணோடு பார்த்த மாதம், ஆண்டையும் எழுதிவையுங்கள். ஆண்டுக்கு நான்கு முறை புதுப்பிப்பு வருகிறது. எண்கள் இடம் மாறிவிடும்.