பைக்குள் அடங்கும் ஆர்சி (ரிமோட்டில் பறக்கும்) விமானம்: எந்த ரகம் தேறும்?

அரை மீட்டர் இறக்கை, 60 கிராமுக்குள் எடை, ஒற்றை செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி: கற்றுக்கொள்பவருக்கு இந்த ரகம் தேறுகிறது. புரொப்பெல்லர் பின்பக்கம் இருந்தால் இன்னும் நல்லது, மூக்குக் குத்தி விழுந்தாலும் மோட்டாரின் ஷாஃப்ட் (சுழலும் தண்டு) வளையாது. நுரையை அழுத்திப் பாருங்கள். அமுங்கி மீண்டால் இபிபி எனும் நெகிழ்நுரை, அதை எடுக்கலாம். பொரபொரவென்று உதிர்ந்தால் தெர்மாகோல். அது சாதாரண சூப்பர் குளூ பட்டாலே கரைந்து குழி விழும்.

கைரோ (ஆட்டத்தைத் தானே சமன் செய்யும் கருவி) உதவும், பலத்த காற்றை வெல்லாது. உண்மையான வில்லன் வால் கனம். பேட்டரியை மாட்டிவிட்டு, இறக்கையின் அடியில், முன்விளிம்பிலிருந்து அகலத்தின் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் நடுவே இரு விரலால் தாங்குங்கள். வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னே தள்ளுங்கள்.

பிரஷ்டு மோட்டார் (உள்ளே பிரஷ் உரசி ஓடும் ரகம்) தேயும். அதனால் உதிரி கிடைக்காத மாடல் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். பறக்காத நாட்களில் பேட்டரி 3.8 வோல்ட்டில் இருக்கட்டும்; முழுச் சார்ஜில் கிடந்தால் உப்பக்கூடும்.