ரெபெக் வாங்கலாமா, வியெல் வாங்கலாமா?

வயலின் வாசிப்பவர்களில் சிலருக்கு ஐரோப்பாவின் இடைக்கால இசை மீது திடீரென்று ஆசை வந்துவிடும். உடனே இந்தக் குழப்பமும் வந்துவிடும். ரெபெக், வியெல் இரண்டுமே வில் போட்டு வாசிக்கும் இடைக்கால வாத்தியங்கள்; வயலினுக்கு மூதாதையர்தான்.

உடல்
ரெபெக்: ஒரே கட்டையைக் குடைந்து செய்தது. பாதியாக வெட்டிய பேரிக்காய் போன்ற வடிவம். ரபாப் என்ற அரபுத் தந்தி வாத்தியத்தின் வழிவந்தது.
வியெல்: பெரும்பாலும் தட்டையான முதுகு கொண்ட பெட்டி. வயலினின் உடல் இந்தப் பக்கத்துச் சொத்து.

தந்தி
ரெபெக்: வழக்கமாக 3. வயலினைப் போலவே ச–ப இடைவெளியில் சுருதி சேர்ப்பார்கள். விரல்கள் உடனே பழகிவிடும்.
வியெல்: 5 வரை. 13-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் எழுதிய இசை நூலாசிரியர் மொராவியா ஜெரோம் மூன்று சுருதி முறைகளைத் தருகிறார். ஒன்றில், விரல்பலகைக்கு வெளியே நிற்கும் ஒரு தந்தி சுருதிக்காக மட்டுமே ஒலிக்கிறது. தம்புரா கேட்டு வளர்ந்த நமக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

ஒலி
ரெபெக்: மெலிந்து, கொஞ்சம் மூக்கால் பாடுவது போல இருக்கும். நடனத்துக்குக் கச்சிதம்.
வியெல்: நிறைவான ஒலி. பாட்டோடு ஒட்டி வரும்.

விலை
ரெபெக் பொதுவாகக் குறைவு. நரம்புத் தந்தி (விலங்குக் குடலில் செய்தது) போட்டால் மழைக்காலத்தில் இரண்டுமே சுருதி விலகிப் படுத்தும்.

பிடிப்பு
இரண்டிலும் தாடைத்தாங்கி கிடையாது. ரெபெக்கின் உருண்டை முதுகு மார்பில் நிற்காமல் வழுக்கும்; இடக்கையை மேலே நகர்த்துவது பெரும்பாடு.

நடன மெட்டுகள் போதும், செலவும் குறைய வேண்டும் என்றால் ரெபெக். பாடகருக்குப் பக்கவாத்தியம் வாசிக்க வேண்டுமானால், காசு சேர்த்து வியெல்லே வாங்குங்கள்.