மாத்திரையா, பேட்ச்சா? மெனோபாஸ் ஹார்மோன் எடுக்கும் முன்

மெனோபாஸ், அதாவது மாதவிடாய் நிற்கும் காலத்தில், ராத்திரி இரண்டு மணிக்கு நைட்டி முழுக்க வியர்வையில் நனைந்து ஃபேனுக்கு அடியில் போய் நிற்கிறவர்களுக்குத்தான் இது.

அப்போது உடலில் குறையும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனும், கர்ப்பப்பையைக் காக்கும் புரோஜெஸ்டோஜென் ஹார்மோனும் சேர்ந்த மாத்திரை சுலபம். தினம் ஒன்று, காபி குடிக்கும்போதே போட்டுக்கொள்ளலாம். ஆனால் விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரலுக்குப் போய், அங்கே ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களைக் கூட்டிவிடுகிறது, அதனால் காலில் ரத்தக்கட்டி வரும் வாய்ப்பு கொஞ்சம் ஏறுகிறது. பேட்ச் என்பது தோலில் ஒட்டும் மருந்துப் பட்டை, அதிலுள்ள ஹார்மோன் தோல் வழியே நேராக ரத்தத்தில் கலக்கிறது, வழக்கமான அளவில் அந்த ஆபத்து கூடுவதாகத் தெரியவில்லை. உடல் எடை கூடியவர், மைக்ரேன் உள்ளவர் என்றால் என் ஓட்டு பேட்ச்சுக்குத்தான். தொல்லையும் உண்டு: வெயில் காலத்து வியர்வையில் ஓரம் பிரியும், பெரும்பாலானவற்றை வாரம் இரண்டு முறை இடம் மாற்றி இடுப்புக்குக் கீழே ஒட்ட வேண்டும், மார்பில் ஒட்டவே கூடாது.

அப்புறம் முக்கியமான விஷயம். கர்ப்பப்பை இருக்கிறவர் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுத்தால் அதன் உள்சுவர் தடித்து, புற்றுநோய் வரை போகலாம். ஆகவே வெறும் ஈஸ்ட்ரோஜன் பேட்ச் என்றால் கூடவே புரோஜெஸ்டிரோன் (இதுவும் புரோஜெஸ்டோஜென் வகைதான்) கேப்ஸ்யூலும் வேண்டும், அதை ராத்திரி போட்டால் தூக்கம் சொக்கும், அது போனஸ்.

மார்பகப் புற்றுநோய் வந்தவருக்கும், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவருக்கும் பொதுவாக இரண்டுமே ஆகாது. இந்த ஹார்மோன் மாத்திரையால் மார்பகப் புற்றுநோயும் இதய நோயும் கூடுகிறது என்று 2002-இல் எல்லோரையும் பயமுறுத்திய அமெரிக்க ஆய்வில் மாத்திரை எடுத்தவர்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்று 10 வருடத்துக்குள், 60 வயதுக்குள் தொடங்குகிறவருக்கு நன்மை-ஆபத்துக் கணக்கு வேறு. எதை எடுத்தாலும் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ திடீரென மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.