பொன் இறகும் மலை உச்சி சிக்னலும்: 'எ ஷார்ட் ஹைக்' ஆடிய அனுபவம்

புயல் எச்சரிக்கை மூன்றாம் நிலைக்குப் போன அன்று மதியம், அண்ணி தன் மகனை என்னிடம் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அவர் நர்ஸ். மொரிஷியஸில் புயல் வந்தால் மற்றவர்கள் எல்லோரும் வீட்டுக்குள் போவார்கள், நர்ஸ்கள் வேலைக்குப் போவார்கள். அண்ணனுக்குச் சுற்றுலாக் கப்பலில் சமையல் வேலை. அவர் அப்போது நடுக்கடலில் எங்கோ இருந்தார். ஆக, ரோஸ் ஹில்லில் என் வீட்டில் நானும் பத்து வயதுப் பையனும்தான். மெழுகுவர்த்தி, ரொட்டி, சார்டின் டப்பாக்கள், தண்ணீர் நிற்பதற்கு முன் நிரப்பி வைத்த வாளிகள் எல்லாம் தயாராக இருந்தன. ஆறு மணிக்குக் கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் போனில் சிக்னலும் போனது. பையனிடம் முழுக்க சார்ஜ் ஏற்றிய நின்டெண்டோ ஸ்விட்ச் ஒன்று இருந்தது, கையில் வைத்து வீடியோ கேம் ஆடும் கன்சோல்.

"அத்தை, பறக்கிற கேம் ஒண்ணு இருக்கு. ஆனா அதுல சுட முடியாது" என்றான். அவனுக்கு அது ஒரு குறை. அப்பா ஏற்றிக் கொடுத்ததாம், அரை மணி நேரம் ஆடிவிட்டு விட்டுவிட்டானாம். எனக்கு அதைக் கேட்டதுமே ஆடிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. வெளியே காற்று ஜன்னல் பலகையை அறைந்துகொண்டிருந்தது. அந்த இரவில் துப்பாக்கிச் சத்தத்தையும் கேட்க எனக்கு மனமில்லை.

அந்த விளையாட்டின் பெயர் 'எ ஷார்ட் ஹைக்', சின்னதாய் ஒரு மலை நடை. கனடாவைச் சேர்ந்த ஆடம் ராபின்சன்-யூ செய்தது. வேறொரு பெரிய விளையாட்டைச் செய்துகொண்டிருந்தவர், அதிலிருந்து கொஞ்சம் ஓய்வு எடுக்க இந்தச் சின்ன வேலையைக் கையில் எடுத்திருக்கிறார். 2019 ஜூலையில் கணினிக்கு வந்தது, 2020 ஆகஸ்டில் ஸ்விட்சுக்கு. அதே 2020இல் சுயாதீன விளையாட்டுகளுக்கான விழாவில் முதன்மைப் பரிசும் வாங்கியது. விலை 8 டாலருக்குள், நம் மொரிஷியஸ் ரூபாயில் 400ஐத் தாண்டாது. வாங்கி இறக்கி வைத்துவிட்டால் போதும், ஆடுவதற்கு இணையம் தேவையில்லை. புயல் ராத்திரியில் இதன் அருமை தெரியும்.

கதை மிகச் சிறியது. கிளேர் என்ற பறவைப் பெண் விடுமுறைக்குத் தன் அத்தையிடம் வந்திருக்கிறாள். மே என்ற அந்த அத்தை ஒரு தீவுப் பூங்காவில் வனக் காவலர். கிளேர் ஒரு முக்கியமான அழைப்புக்காகக் காத்திருக்கிறாள். ஆனால் தீவில் சிக்னலே கிடையாது, ஹாக் பீக் என்ற மலையின் உச்சியில் மட்டும்தான் கிடைக்குமாம். சரி, ஏறு. இவ்வளவுதான்.

நான் தமிழ் ஆசிரியை. வரும் வசனங்களை எல்லாம் அவனுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். முதல் வசனத்திலேயே மாட்டிக்கொண்டோம். ஆங்கிலத்தில் 'ஆன்ட்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அம்மாவின் அக்காவா, தங்கையா, அப்பாவின் கூடப்பிறந்தவரா? பெரியம்மா என்பதா, சித்தி என்பதா, அத்தை என்பதா? விளையாட்டில் விடை இல்லை. பையன் என்னைப் பார்த்து, "அத்தைதான்" என்று முடிவு கட்டினான். அதிலிருந்து அவர் மே அத்தை.

இனி பறப்பதைப் பற்றிச் சொல்கிறேன். இந்த விளையாட்டின் உயிரே அதுதான்.

தொடக்கத்தில் கிளேரால் பறக்க முடியாது. குதிப்பாள், பொத்தானைப் பிடித்துக்கொண்டே இருந்தால் சிறகை விரித்துச் சறுக்கி இறங்குவாள். அவ்வளவுதான். "இது டோடோ, அத்தை" என்றான் பையன். பறக்கத் தெரியாமல் அழிந்துபோன நம் தீவுப் பறவை டோடோ. போர்ட் லூயி அருங்காட்சியகத்தில் அதன் எலும்புக்கூட்டைப் பார்த்திருக்கிறான் அல்லவா. தீவில் அங்கங்கே பொன் இறகுகள் கிடைக்கும். பாறை இடுக்கில் ஒன்று இருக்கும், யாருக்காவது உதவினால் ஒன்று வரும், காசு கொடுத்தும் வாங்கலாம். ஓர் இறகு கிடைத்தால் நடுவானில் ஒருமுறை கூடுதலாகச் சிறகடிக்கலாம். செங்குத்துப் பாறையில் ஏறும்போதும் அதே இறகுகள்தான் செலவாகும். கால் தரையில் பட்டதும் எல்லாம் திரும்ப வந்துவிடும்.

இதனால் ஒவ்வொரு பறத்தலும் ஒரு சின்னக் கணக்கு ஆகிவிடுகிறது. மூன்று இறகு இருக்கிறது, அந்தப் பாறைக்கு எட்டுமா? முதலில் வலப்பக்க மேட்டில் ஏறி, அங்கிருந்து குதித்து, கடைசி நேரத்தில் சிறகடித்தால்? எட்டாமல் போனால் விழுவோம், அடிபடாது. சாவு என்பதே இந்த விளையாட்டில் இல்லை. கீழே போனால் முன்பு பார்க்காத ஒரு மூலையில் போய் இறங்குவோம், அங்கே யாராவது இருப்பார்கள். பையனுக்கு முதலில் இது பிடிபடவில்லை. விழுந்தபோதெல்லாம் "போச்சு" என்றான். அரை மணி நேரம் கழித்து அந்தச் சொல்லை விட்டுவிட்டான்.

பிளாக் ரிவர் மலைப் பள்ளத்தாக்கில் நின்று பாய்-ஆன்-கெ பறவைகளைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சறுக்கல் எப்படி இருக்கும் என்று சொன்னால் புரியும். நீள வால் இழுபட, அந்த வெள்ளைப் பறவை சிறகை ஆட்டாமல் பள்ளத்தாக்கின் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குப் போகும். அவசரமே இருக்காது. கிளேர் சரியான உயரத்திலிருந்து இறங்கும்போது அதே போக்கு கைவிரலுக்கு வந்துவிடுகிறது. அப்போது இசையும் கூடவே மாறும். மார்க் ஸ்பார்லிங் இசை. நடக்கும்போது ஒன்றிரண்டு வாத்தியம்தான், மேலே எழும்ப எழும்ப மற்றவையும் வந்து சேரும். மழைச் சத்தத்துக்கு நடுவில் ஸ்பீக்கரைக் காதோடு வைத்துக் கேட்டோம்.

வழியில் சந்திப்பவர்கள் எல்லோரும் விலங்குகள், பறவைகள். கடற்கரையில் ஒரு தவளைக் குழந்தை மண் வீடு கட்டுகிறது, விளையாட்டு மண்வெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தால் தன் நிஜ மண்வெட்டியைத் தந்துவிடும். ஒருவர் தன் தலைப்பட்டையைத் தொலைத்துவிட்டு ஓட மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறார். ஒரு சிறுவனுக்குப் பதினைந்து சிப்பி வேண்டும். மீன் பிடிக்கலாம், கடற்கரையில் குச்சியால் பந்தடிக்கலாம். எதுவும் கட்டாயம் இல்லை. நாங்கள் சிப்பி பொறுக்கியே ஒரு மணி நேரம் கழித்தோம். அவரவர் பேசும் விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. யாரும் கிளேருக்கு உபதேசம் செய்வதில்லை, தங்கள் சின்னக் கவலையைச் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள்.

இங்கேதான் எனக்கு ஆசிரியையாகவும் ஒரு லாபம் கிடைத்தது. இறகு, சிறகு இரண்டையும் பையன் ஒன்றாகவே நினைத்திருந்தான். உதிர்வது இறகு, விரிவது சிறகு. வகுப்பில் மூன்று முறை சொல்லியும் ஏறாதது, பொன் இறகு எண்ணும்போது ஏறிவிட்டது. "ரெண்டு சிறகு, ஆறு இறகு" என்று அவனே சொன்னான்.

குறைகளும் உண்டு. வரைபடம் கிடையாது. இருட்டில் கண்ணை இடுக்கிக்கொண்டு ஆடும்போது, வந்த வழி எது, போக வேண்டிய வழி எது என்று குழம்பினோம். ஒரே பாலத்துக்கு நான்கு முறை திரும்பி வந்தோம். படம் கட்டம் கட்டமாகப் பழைய கால விளையாட்டு போல இருக்கிறது. அழகுதான், ஆனால் என் வயதுக்கு முதல் கால் மணி நேரத்திலேயே கண் வலித்தது. அமைப்புகளில் அந்தக் கட்டங்களின் அளவைச் சிறிதாக்கலாம், ஆரம்பத்திலேயே மாற்றிவிடுங்கள். உச்சிக்குப் பக்கத்தில் குளிர் அதிகம். இறகுகள் உறைந்துபோகும், தரையில் இறங்கினாலும் திரும்ப வராது, வெந்நீர் ஊற்றைத் தேடிப் போய்ச் சூடாக்க வேண்டும். அதுவரை இருந்த சுதந்திரம் அங்கே சட்டென்று சுருங்குவது எரிச்சலாக இருந்தது. போதிய இறகு சேர்க்காமல் அங்கே போகாதீர்கள், குறைந்தது ஏழு இறகு கையில் இருக்கட்டும். நேராக ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் கதை முடிந்துவிடும். கொடுத்த காசுக்கு நேரக் கணக்குப் பார்ப்பவர்களுக்கு அது குறைவாகத் தோன்றலாம். நாங்கள் ஆடி முடிக்க நான்கு மணி நேரம் ஆனது.

ஏறும்போது எனக்கு லெ பூஸ் மலைதான் நினைவில் இருந்தது. 812 மீட்டர், பெருவிரல் போல நிற்கும் உச்சி. கடைசிப் பாறையில் கையையும் ஊன்றித்தான் ஏற வேண்டும். 1836இல் டார்வின் நம் தீவுக்கு வந்தபோது ஏறியதும் அந்த மலைதான். கல்லூரி நாட்களில் நாங்கள் ஏறியபோது மேலே நின்றால் பேச்சுக் கேட்காத அளவுக்குக் காற்று அடித்தது, சட்டை முழுக்கக் காற்று நிரம்பி ஒரு கணம் கால் தரையில் இல்லாதது போல இருந்தது. ஹாக் பீக் உச்சியிலும் ஒரு காற்று வரும். அங்கே அழைப்பும் வரும். யார் அழைக்கிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்பதை நான் சொல்ல மாட்டேன், நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். சில வரிப் பேச்சுதான். அதைத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்த என் குரல் பாதியில் நின்றது, மீதியைப் பையன் தானே ஆங்கிலத்தில் வாசித்துக்கொண்டான்.

பேச்சு முடிந்ததும் கீழிருந்து எழும் காற்று கிளேரைத் தூக்கிவிடும். இறகுக் கணக்கு ஒன்றும் இனி வேண்டாம். முழுத் தீவும் கீழே தெரியும். நான்கு மணி நேரம் கால் நோக ஏறிய பாதை, குழம்பிய பாலம், சிப்பி பொறுக்கிய கரை, எல்லாவற்றின் மேலும் சறுக்கிக்கொண்டே மே அத்தை வீட்டு வாசலில் போய் இறங்கலாம். பையன் வேண்டுமென்றே சுற்றிச் சுற்றி இறங்கினான். அவ்வளவு மெதுவாக அவன் எதையும் ஆடி நான் பார்த்ததில்லை. ஸ்விட்சில் சார்ஜ் சிவப்புக்கு வந்திருந்தது.

கன்சோலை மூடிவிட்டு அவன் கேட்ட முதல் கேள்வி, "அம்மாவுக்கு எப்ப போன் பண்ணலாம்?"

காலையில் எச்சரிக்கையை விலக்கினார்கள். பப்பாளி மரம் சாய்ந்து கிடந்தது, கரண்ட் இன்னும் வரவில்லை. வீட்டுக்குள் போனில் ஒரு கோடும் இல்லை. என் போனை எடுத்துக்கொண்டு அவன் மொட்டை மாடிக்கு ஓடினான், நானும் பின்னால் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த திண்டில் ஏறி, கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டு கோடு வந்தது.

"ம்மா," என்றான், "காத்து நின்னுடுச்சு. நான் மேல இருக்கேன்."